ஒன்பதாவது சாமி

ராம்குமார் உண்டாக்கிய ஒன்பது சாமிகளையும் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டது. எல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வேறு அனுப்பு என்பதுதான் அந்த வரி.

செய்தி வந்த புதன்கிழமை மாரிச்செல்வம் வீட்டில்தான் இருந்தான். எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் வெட்டுகிற வேலை அவனுக்கு. விறகு ஏற்ற வேண்டிய டிராக்டர் டயர் வெடித்துக் கிடந்ததால் அன்றைக்கு எல்லாருக்கும் கை ஓய்ந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம் என்று பாயை உதறினவன், கட்டிலில் கிடந்த மச்சினன் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தான்.

ராம்குமார் அவன் மனைவி சுமதியின் தம்பி. ரெண்டு மாசத்துக்கு முன்னால் லீவில் வந்தவன், பந்தல்குடி பக்கம் லாரிக்கு ஒதுங்கப் போய் பைக்கோடு விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டான். உள்ளே கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள். தையல் போட்ட இடத்தில் ஒரு விரற்கடை அளவுக்குப் புண் மட்டும் ஆறாமல் சீழ் வைத்துக்கொண்டே இருந்தது. அக்கா வீட்டுக் கட்டிலில் கிடந்தபடி மடியில் லேப்டாப்பை வைத்து வேலை பார்த்தான். எப்ப வர்றீங்க என்று கம்பெனியில் ரெண்டு தடவை கேட்டாகிவிட்டது. இந்த வேலையும் தவறினால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

"அப்படி என்ன வேலைதான் மாப்ளே அது?" என்றான் மாரிச்செல்வம்.

"ஒரு விளையாட்டு மச்சான். நாலஞ்சு பேரு சுத்தி உக்காருவாக. ஒருத்தன் கதை சொல்லுவான். மத்தவுக ஆளுக்கொரு வேசம். திருடன், படைவீரன், மந்திரக்காரின்னு. கதையில ஒரு எடம் வந்தா, நீ என்ன செய்வேன்னு கேப்பாக. அது நடக்குமா நடக்காதான்னு பகடைக் காய உருட்டிப் பாப்பாக."

"கூத்துங்கற."

"கூத்துதான். ஆனா யாரும் எந்திரிச்சு ஆட மாட்டாக."

"உக்காந்துகிட்டே கூத்தா! நல்ல சுகவாசிக." மாரிச்செல்வம் சிரித்தான். "அதுல சாமி எதுக்கு?"

"அந்தக் கதை நடக்குற உலகமே புதுசு. நாமளா உண்டாக்குறது. மலை, ஆறு, ராஜா எல்லாம் வேற ஆளுக செஞ்சிட்டாக. சாமி மட்டும் என் பங்கு."

இந்த இடத்தில்தான் மாரிச்செல்வத்துக்குத் தூக்கம் கலைந்தது. இந்த நாற்பத்தாறு வயசு வரைக்கும் அவன் கும்பிட்ட சாமிகள் எல்லாம் அவன் பிறக்கும் முன்பே இருந்தவை. சாமியை ஒருத்தன் சம்பளத்துக்கு உண்டாக்குகிறான் என்பதும், அது சரியில்லை என்று திரும்பி வருகிறது என்பதும் அவனுக்கு விட்டுப்போக மனசில்லாத விஷயமாக இருந்தது. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, "எங்க, வாசி பாப்போம்" என்றான்.

ராம்குமார் வாசித்தான். இடிக்கு ஒரு சாமி, கடலுக்கு ஓர் அம்மன், சண்டைக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் உயரம், கிரீடம், கையில் உள்ள ஆயுதம் எல்லாம் எழுதியிருந்தான்.

"இவுகள்ல யாரு யாருக்கு மச்சான்?" என்றான் மாரிச்செல்வம்.

"என்னது?"

"ஒம்போது சாமி ஒரே உலகத்துல இருக்காகன்னா அண்ணன் தங்கச்சி, மாமன் மச்சான் இருக்கணும்ல. நீ எழுதியிருக்கறது ரேசன் கடை வரிசை மாதிரில்ல இருக்கு. ஒருத்தர் முதுக ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்காக. இடிச்சாமிக்கும் கடலம்மாளுக்கும் என்ன ஒறவு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்புறம் மழை எப்படிப் பெய்யும்?"

ராம்குமார் எழுதினதை மறுபடி மேலே ஓட்டிப் பார்த்தான்.

"இடிச்சாமி கடலம்மாளுக்கு அண்ணன். தங்கச்சிக்குச் சீர் கொண்டுபோறாரு. போற வழியில சிந்துறதுதான் மழை. நடுவுல ஒரு ஊருல கல்யாணப் பந்தியில அவருக்கு எடம் குடுக்கல. அதனால அந்த ஊரு வழியா மட்டும் போறதில்ல. சுத்திக்கிட்டு வேற ரோட்டுல போயிருவாரு."

"அந்த ஊரு நம்ம ஊரா?" அடுப்படியில் இருந்து சுமதி கேட்டாள்.

"பேரு எழுத வேணாம். எல்லாரும் அவுகவுக ஊருன்னு நெனைச்சுக்கிரட்டும்."

ராம்குமாரின் விரல்கள் தட்ட ஆரம்பித்தன. சண்டைச்சாமி கவுச்சி சாப்பிடுமா, சைவமா என்று மாரிச்செல்வம் கேட்டான். அது தெரியாமல் சனங்கள் எதைக் கொண்டுவந்து படைப்பார்கள்? சாவுச்சாமி எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது? எந்தச் சாமிக்கும் எந்தச் சாமிக்கும் பேச்சுவார்த்தை இல்லை? பதில் இல்லாத கேள்விக்கு ரெண்டு பேருமாகப் பதில் தேடினார்கள். புதன் சாயங்காலமும், டிராக்டர் வராத வியாழன் மத்தியானமுமாக எட்டுச் சாமிகள் ஒரு பெரிய குடும்பம்போல, சண்டையும் சம்பந்தமுமாக எழுந்து நின்றுவிட்டன.

ஒன்பதாவது, காயம் ஆற்றுகிற சாமி. வெள்ளை உடுப்பு, நீளக் கூந்தல், உள்ளங்கையில் வெளிச்சம் என்று ராம்குமார் எழுதியிருந்தான்.

"இது நர்சம்மால்ல!" என்றான் மாரிச்செல்வம்.

சுமதி அடக்க முடியாமல் சிரித்தாள். ராம்குமாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வேறு என்ன செய்வது என்று ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை. மாரிச்செல்வம் தன் காலைத் தூக்கி மடியில் வைத்து, குதிகாலில் நாலு நாளாகக் குத்திக்கொண்டிருந்த கருவேல முள்ளைத் தேடினான். அரைஞாண் கயிற்றில் தொங்கிய முள்வாங்கியை அவிழ்த்தான். அந்தச் சின்ன இரும்புக் கொறடு இல்லாமல் கருவேலங்காட்டுக்குள் யாரும் போக மாட்டார்கள். முள்ளைப் பற்றி இழுக்கும்போது வலியில் கண்ணை மூடினவன், மூடினபடியே பேச ஆரம்பித்தான்.

"முள்வாங்கிச் சாமின்னு ஒருத்தரு. பாதை ரெண்டாப் பிரியிற எடத்துல உக்காந்திருந்தாரு. வர்ற போற ஆளுகளுக்கெல்லாம் முள்ளெடுத்து விடுவாரு. காசு வாங்க மாட்டாரு."

"அப்ப மனுசரா இருந்தாரா?"

"மனுசருதான். ஒரு நாளு வேத்து நாட்டுப் படை வருது. ஒருத்தனாலயும் நடக்க முடியல, கால் பூராம் முள்ளு. இவரு உக்காந்து அத்தன பேருக்கும் எடுத்துவிடுறாரு. கடைசி ஆளுக்கும் எருக்கம்பால் வச்சு அனுப்புறாரு."

"பெறகு?"

பிறகு என்ன என்று மாரிச்செல்வத்துக்கே தெரியாது. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவனுக்கே ஆசையாக இருந்தது. திறந்தான்.

"பெறகென்ன. கால் சரியானவன் எங்க போவான்? நேரா இவரு ஊருக்குள்ள போயித் தீ வச்சுட்டான். தப்பிச்ச சனம் ஓடியாந்து, பாவி, நீ முள்ளெடுக்கலன்னா அவன் வந்திருக்க மாட்டானேன்னு, அந்த எடத்துலயே இவர அடிச்சுக் கொன்னு போட்டுச்சு."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

"மறுநாளுலருந்து ஊருல ஒரு காலு பாக்கி இல்ல, முள்ளு ஏறுது. எடுத்தா வரல. வீட்டுக்குள்ள நடந்தாலும் ஏறுது. அப்புறந்தான் அழுதுகிட்டே வந்து அவருக்குக் கல்லு நட்டாக. காசு கெடையாது, கோழி கெடையாது. அவரு முன்னால வந்தா, இன்னொருத்தர் கால்ல இருக்குற முள்ள எடுத்துவிடணும். பிடிக்காத ஆளு காலுன்னாலும் எடுக்கணும். அதான் காணிக்கை."

மாரிச்செல்வம் கண்ணைத் திறந்து, முள்வாங்கியின் நுனியில் இருந்த முள்ளைப் பார்த்தான். அரை அங்குலம் இருந்தது.

"அவுகளுக்குக் குடும்பம் உண்டாங்க?" என்று சுமதி மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல."

"பாவம்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். நிஜமாகவே இருக்கிற ஒருத்தரைக் கேட்பதுபோல அவுக என்று அவள் சொன்னதை அப்போது ரெண்டு பேருமே கவனிக்கவில்லை.

சனிக்கிழமை சுமதி தம்பியை ஷேர் ஆட்டோவில் உட்கார வைத்து அருப்புக்கோட்டைக்குக் கட்டு மாற்றக் கூட்டிப் போனாள். மாரிச்செல்வம் வெட்டு முடிந்து வரும்போது அவள் வாசலில் செங்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். வீடு கட்டினபோது மிஞ்சின செங்கல்.

"புண்ணு காஞ்சிருச்சு" என்றாள். "டாக்டரம்மாவே அழுத்திப் பாத்துட்டு, இனிமே தெறக்க வேண்டியதில்லன்னுட்டாக. நாளைக்குப் பொங்க வைக்கணும். நீங்க கல்லு நட எடம் பாருங்க."

"யாருக்குப் பொங்க?"

"முள்வாங்கிச் சாமிக்கு. வியாழக்கிழமையே வேண்டிக்கிட்டேன்."

மாரிச்செல்வம் அரிவாளைக் கீழே வைத்தான். "ஏ புள்ள, அத நான்ல சொன்னேன்! உன் கண்ணு முன்னாலதான சொன்னேன். முள்ளுப் பிடுங்கிக்கிட்டே வாயில வந்தத அளந்துவிட்டேன்."

"நீங்க சொன்னீகன்னு எனக்குத் தெரியாதா? காதுல விழுந்துச்சு, மனசு அதுலயே நின்னுச்சு, வேண்டிக்கிட்டேன். காலு ஆறிருச்சு."

"போன வாரம் மாத்திக் குடுத்த மாத்திரை அக்கா அது" என்றான் உள்ளே இருந்து ராம்குமார்.

"மாத்திரை வேலை செய்யணும்னுதான்டா வேண்டுனேன்" என்றாள் சுமதி.

அதோடு போயிருந்தால் ஒரு பானைப் பொங்கலோடு முடிந்திருக்கும். ராம்குமார் ஒன்பது சாமிகளையும் அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன் என்றான். அனுப்பும்போது ஒரு தாளில் ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்பதையும் விளக்கம்போல வாசித்துக் காட்டினான். இதில் உள்ளவை எல்லாம் கம்பெனிக்கு மட்டுமே உரியவை, கம்பெனியைக் கேட்காமல் வேறு யாரும் எதற்காகவும் பயன்படுத்தக் கூடாது.

சுமதி செங்கல்லைக் கீழே வைத்தாள். "அப்ப வருசா வருசம் நான் பொங்க வைக்க கோயம்புத்தூர்ல கேக்கணுமா?"

"அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாக அக்கா."

"பாக்குறாக பாக்கல, அது வேற. கையெழுத்துப் போட்டுக் குடுக்குறேல்ல? எட்டுச் சாமியக் குடு. அவுகள எனக்குத் தெரியாது. இவுகளக் குடுக்காத."

"ஒம்போது கேட்டிருக்காக. அதுலயும் இதுதான் நல்லா இருக்கு. இது இல்லன்னா மறுபடியும் திருப்பி அனுப்பிருவாக. என் வேலை போயிரும்கா."

"உன் காலு?"

ரெண்டு பேரும் மாரிச்செல்வத்தைப் பார்த்தார்கள். அவன் ஒரு பக்கம் சாய்ந்தால் மனைவியின் வேண்டுதல் போகும். மறுபக்கம் சாய்ந்தால் மச்சினன் பிழைப்பு போகும். செய்தவன் அவன்தான். ஆனால் ரெண்டு நாளைக்கு முன்பு வரை இல்லாத ஒன்றுக்கு இப்போது பங்குச் சண்டை நடக்கிறதே என்பது அவனுக்கு விசித்திரமாக இருந்தது. அதைவிட விசித்திரம், யாருக்குக் கொடுப்பது என்று தானாக முடிவு சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"அவுககிட்டயே கேட்டிருவோம்" என்றான் கடைசியில். "பூப்போட்டுப் பாப்போம்."

ஊரில் பெண் கொடுக்கவும் கிணறு தோண்டவும் செய்கிறதுதான். சிவப்புப் பூ ஒன்றும் வெள்ளைப் பூ ஒன்றும் தனித்தனித் தாளில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒருத்தரை எடுக்கச் சொல்வார்கள்.

"எங்கிட்ட இருபது மொகம் உள்ள காய் இருக்கு மச்சான், அத உருட்டுவோமே" என்றான் ராம்குமார்.

"சாமிகிட்ட காய உருட்டுனா சூதாட்டம்டா" என்று சுமதி வாயை அடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்மாய்க்குள் போகிற பாதை ரெண்டாகப் பிரிகிற இடத்தில் மாரிச்செல்வம் செங்கல்லை நட்டான். இது வெறும் செங்கல் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தான். சுமதி மஞ்சள் தேய்த்து, எருக்கம்பூ மாலை சார்த்தி, மூன்று கல் கூட்டிப் பானை ஏற்றினாள். ராம்குமார் ஊன்றுகோலோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

பொங்கல் பொங்கி வரும் நேரத்துக்கு, கூட வேலை பார்க்கிற மொக்கையன் நொண்டிக்கொண்டே வந்தான்.

"ஏலே மாரி, என்னலே இது, நேத்து இல்லாத சாமி?"

"நேத்து இல்ல. இன்னைக்கு இருக்கு. ஒக்காருலே, காலக் காட்டு."

"எதுக்கு?"

"காணிக்கை."

மொக்கையன் போன பங்குனியில் மாரிச்செல்வத்தின் அரிவாளை வாங்கிப்போய்த் தொலைத்துவிட்டு, வாங்கவே இல்லை என்று சாதித்தவன். அவன் காலை மடியில் வாங்கி முள்ளெடுக்க மாரிச்செல்வத்துக்கு மனசே இல்லை. ஆனால் சட்டம் போட்டவனே மீற முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தான். மூன்று முள்.

"சொகமா இருக்குலே. இன்னொரு காலும் இருக்கு" என்றான் மொக்கையன்.

"அது அடுத்த வருசத்துக்கு."

பிறகு ரெண்டு மடிப்புத் தாளை இலையில் போட்டார்கள். வெள்ளரளி வந்தால் கம்பெனிக்குப் போகலாம், செவ்வரளி வந்தால் இங்கேயே இருக்க வேண்டும் என்று மூன்று பேருக்குள் பேச்சு. ஒன்றும் தெரியாத மொக்கையனை எடுக்கச் சொன்னார்கள்.

"விவரமில்லாதவந்தான எடுக்கணும்? என்னய ஏன் கூப்பிடுறீக?"

"அதனாலதான் கூப்பிடுறோம்" என்றாள் சுமதி.

மொக்கையன் எடுத்துப் பிரித்தான். செவ்வரளி.

ராம்குமார் பொங்கலைக் கையில் வாங்கி, வாயில் போடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். சுமதிக்கு ஜெயித்த சந்தோஷம் முகத்தில் நிற்கவில்லை. "வேற ஒண்ணு செய்யுங்களேன், தம்பிக்கு" என்று புருஷனிடம் கெஞ்சினாள்.

மாரிச்செல்வம் அன்று முழுக்க முயன்று பார்த்தான். புண்ணை நக்கி ஆற்றும் நாய்ச்சாமி. மருந்து அரைக்கும் கிழவிச்சாமி. ஒன்றும் நிற்கவில்லை. சொல்லச் சொல்ல, பொய் என்று அவனுக்கே தெரிந்தது. வியாழக்கிழமை சொன்னதும் பொய்தானே, அதில் மட்டும் இது ஏன் தெரியவில்லை என்று யோசித்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தான். பொழுது இறங்கும் நேரம் எழுந்து உள்ளே போனான்.

"மாப்ளே, நடந்தத எழுதிரு."

"எத?"

"ஒம்பதாவது எடம் இருக்கு. கல்லு இருக்கு. ஆளு இல்ல. வாங்கன்னு கேட்டாக, வர மாட்டேன்னுட்டாரு. பேரையும் கதையையும் எழுதாத. அது நம்ம வீட்டுல இருக்கட்டும். வரலங்கறத மட்டும் எழுது. மத்த எட்டுப் பேருகிட்டயும் ஏன் வரலன்னு கேட்டா, ஆளுக்கு ஒண்ணு சொல்லுறாக. இடிச்சாமி, அவனுக்குத் திமிருங்காரு. கடலம்மா, நாங்க கூப்பிட்ட மொறை சரியில்லங்கா. சாவுச்சாமி மட்டும் வாயத் தெறக்க மாட்டேங்காரு."

ராம்குமார் லேப்டாப்பை மடிக்கு இழுத்தான். "வரலன்னு ஒரு சாமியா? ஒத்துக்கிருவாகளா?"

"தெரியல. ஆனா இது பொய்யில்ல."

ராம்குமார் எழுதினான். ஏழு சாமி சொன்ன ஏழு காரணத்தையும் ரெண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்ல, சுமதியும் ரெண்டு காரணம் கொடுத்தாள். ஒப்புதல் தாளைச் சுமதி ஒருதரம் எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்து, முள்வாங்கி என்ற சொல் எங்கும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் விட்டாள்.

திங்கட்கிழமை பதினொன்றரைக்குப் போன் வந்தது. கம்பெனியில் ராம்குமாருக்கு மேலே இருக்கிற சுவாதி மேடம். வெட்டுக்குக் கிளம்பாமல் நின்ற மாரிச்செல்வமும், ஈரக் கையோடு சுமதியும் கட்டிலை ஒட்டி நிற்க, ராம்குமார் ஸ்பீக்கரைப் போட்டான்.

"ராம்குமார், அந்த எட்டும் ஓகே. மழை போற ரோடு பிரமாதம்." தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ஒன்பதாவது சாமி ஏன் வரமாட்டேன்னாரு?"

ராம்குமார் திணறினான். "அது வந்து மேடம், ஏழு பேரும் சொல்ற காரணம்..."

"அதெல்லாம் படிச்சேன். ஏழும் பொய்னு தெரியுது. நேத்து ராத்திரி படிச்சதுலருந்து மண்டைக்குள்ள இதேதான் ஓடுது. உண்மையான காரணம் என்ன?"

ராம்குமார் போனை மச்சான் பக்கம் நீட்டினான். மாரிச்செல்வம் ஓர் அடி பின்னால் வைத்தான். பிறகு, ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் பேசுகிற குரலில், "எங்களுக்கும் தெரியலம்மா. கேட்டுத்தான் சொல்லணும்" என்றான்.



"யாரு பேசுறது?"

"என் மச்சான் மேடம். இதுல பாதி அவரு சொன்னது."

"கேட்டுச் சொல்லுங்க சார்" என்றாள் அவள், விளையாட்டாகவா நிஜமாகவா என்று பிரித்தறிய முடியாத குரலில். "ராம்குமார், ஆட வர்றவங்க இந்தக் காரணத்தைத் தேடித்தான் உலகம் பூரா சுத்தணும். நீங்க இதையே மேல எழுதுங்க. கால் சரியாகற வரைக்கும் வீட்டுலருந்தே எழுதலாம். நான் சொல்லிக்கிறேன்."

சுமதி ஈரக் கையாலேயே தம்பியின் தலையைத் தடவினாள். ராம்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மச்சான், மச்சான் என்று ரெண்டு தடவை சொன்னான். மாரிச்செல்வம் அரிவாளை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினான்.

பாதை பிரிகிற இடத்தில் எருக்கம்பூ மாலை வெயிலில் வாடிக் கிடந்தது. செங்கல் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். சாமிகளிடம் அவன் மழை கேட்டிருக்கிறான், கூலி கேட்டிருக்கிறான், பிள்ளை வரம் கேட்டுக் கிடைக்காமல் சண்டையும் போட்டிருக்கிறான். காரணம் கேட்டது கிடையாது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தான்.

"ஏன் சாமி வரலன்னுட்டீக?" என்றான்.

கருவேலங்காட்டுக்குள் இருந்து மொக்கையன் கத்தினான். "ஏலே, வெயிலு ஏறுது, தனியா உக்காந்து யாரு கூடலே பேசிக்கிட்டிருக்க?"

"செத்த சும்மா இருலே" என்று மாரிச்செல்வம் திரும்பாமலே கையைக் காட்டினான். "என்ன சொல்லுறாகன்னு கேக்க விடு."